வயரா, கார்ட்லெஸ்ஸா? மெல்லிசை மேடைப் பாடகருக்கான மைக் தேர்வு

மெல்லிசைக் குழுக்களுக்கு ஒலியமைப்புச் செய்பவன் என்பதால், பாடகர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "எந்த கார்ட்லெஸ் வாங்கலாம்?" என்பதுதான். கேட்பவரின் மனத்தில் இருப்பது, அதில் தன் குரல் எப்படி ஒலிக்கும் என்ற எண்ணம். எனக்கோ, அது எந்த அலைவரிசையில் இயங்குகிறது, மேடையில் அதனுடன் வேறு எத்தனை கார்ட்லெஸ் மைக்குகள் இருக்கும், நிகழ்ச்சி கல்யாண மண்டபத்திலா கோயில் திடலிலா என்ற கேள்விகளே முதலில் எழுகின்றன. கார்ட்லெஸ் மைக்கைக் கையில் எடுக்கும் பாடகர் ஒரு சிறிய வானொலி நிலையத்தைக் கையில் ஏந்தியிருக்கிறார். அந்த நிலையம் சரியாக ஒலிபரப்பாவிட்டால், குரலை வாங்கும் மைக்கின் தலைப்பகுதி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பயனில்லை.

ஒப்பீட்டை வயர் மைக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் மற்றவை அனைத்தும் அதற்கு எவ்வளவு அருகில் வருகின்றன என்பதே இங்கு அளவுகோல். ஷூர் நிறுவனம் 1966இல் கொண்டுவந்த எஸ்எம்58 என்ற வயர் மைக் இன்றும் மேடைகளில் இருக்கிறது. பேட்டரி வேண்டாம், அலைவரிசை வேண்டாம், தாமதம் இல்லை, நடுப்பாட்டில் கட்டாகும் அச்சமும் இல்லை. கேபிளின் முனையிலுள்ள பற்றவைப்பு விட்டுப்போனால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம். உட்கார்ந்து பாடும் கர்நாடக இசைக் கலைஞருக்கு ஸ்டாண்டில் பொருத்திய வயர் மைக்கை விட்டு வேறொன்றை நான் பரிந்துரைத்ததில்லை. இரண்டரை மணி நேரம் ஓரிடத்தில் அமர்ந்து, கைகளால் தாளம் போட்டுப் பாடுபவருக்கு வயரை நீக்குவதால் கிடைக்கும் நன்மை எதுவுமில்லை. மெல்லிசை மேடையிலும் பின்வரிசையில் கோரஸ் பாடுபவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள், அவர்களுக்கும் வயரே போதும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், ஆறு பேருக்கும் கார்ட்லெஸ் என்று முடிவெடுத்து, இருக்கும் பணத்தை ஆறாகப் பிரித்து, ஆறு மலிவான மைக்குகளை வாங்கும் குழுக்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். முன்னணிப் பாடகர்கள் இருவருக்கு நல்ல கார்ட்லெஸ் இரண்டும் மற்ற நால்வருக்கு வயர் மைக் நான்கும் வாங்கினால், அதே பணத்தில் ஒலி பலமடங்கு தெளிவாக இருக்கும்.

விஎச்எஃப் எனப்படும் தாழ்ந்த அலைவரிசையில் இயங்கும், மலிவு விலையில் கிடைக்கும் இரட்டை மைக் செட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வரவேற்புரைக்கும் ஏலம் விடுவதற்கும் அது போதும், பாட்டுக்குப் போதாது. ஆனால் அதை ஒட்டி ஒரு பொதுவான ஏமாற்றத்தைச் சொல்ல வேண்டும். மைக்கின் அலையை வாங்கும் ரிசீவர் பெட்டியின் பின்புறம் இரண்டு ஆண்டெனாக்கள் இருப்பதைக் காட்டி, "இது டைவர்சிட்டி" என்று கடைக்காரர் சொல்வார். டைவர்சிட்டி என்றால் ஒரே மைக்கின் சிக்னலை இரண்டு ஆண்டெனாக்கள் வாங்கி, எது வலுவாக இருக்கிறதோ அதை ரிசீவர் எடுத்துக்கொள்வது. பாடகர் நடக்கும்போது, நேராக வரும் அலையும் சுவரிலும் இரும்புத் தூணிலும் பட்டுத் திரும்பும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். அந்த இடத்தில் ஓர் ஆண்டெனா செவிடாகும்போது மற்றொன்று கேட்டுக்கொண்டிருப்பதுதான் இதன் பயன். மலிவான இரட்டை மைக் செட்டுகளிலோ பெரும்பாலும் மைக்குக்கு ஒன்று என்ற கணக்கில்தான் இரண்டு ஆண்டெனாக்கள் இருக்கின்றன. ஒரு மைக்கை மட்டும் இயக்கி, ஓர் ஆண்டெனாவைக் கழற்றியோ மடக்கியோ நடந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

எனவே உண்மையான போட்டி மூன்று வகைகளுக்கு இடையில்தான்: 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் டிஜிட்டல், யுஎச்எஃப் அனலாக், யுஎச்எஃப் டிஜிட்டல். யுஎச்எஃப் என்று இங்கே சொல்வது, விஎச்எஃப்பை விட உயர்ந்த, 2.4 கிகாஹெர்ட்ஸை விடத் தாழ்ந்த அலைவரிசை.

2.4 கிகாஹெர்ட்ஸ் வகையின் கவர்ச்சி, 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அந்தப் பட்டையை இந்தியா உட்படப் பல நாடுகளில் தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்பதில் இருக்கிறது. சென்னையில் வாங்கியதை சிங்கப்பூருக்கு எடுத்துச் சென்றும் பாடலாம். ஆனால் அதே காரணத்தால் வைஃபை, புளூடூத், கல்யாணத்தை நேரலையில் அனுப்பும் கருவிகள், படமெடுக்கும் டிரோன்கள் என அனைத்தும் அந்தக் குறுகிய பட்டைக்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. மண்டபம் காலியாக இருக்கும் மாலை நான்கு மணி ஒத்திகையில் இந்த மைக்குகள் மிகத் தெளிவாகப் பாடும். எண்ணூறு பேர் எண்ணூறு செல்போன்களோடு வந்து அமர்ந்த பிறகு கதை மாறும். ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில், மண்டபத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட இவ்வகை மைக்கில் பாடிய பெண்ணின் குரல் சரணத்தின் இரண்டாம் வரியில் மூன்று முறை துண்டிக்கப்பட்டது. அவர் தன் மேல்தான் தவறு என்று எண்ணி, அதன்பின் அந்த இரவு முழுவதும் அடக்கியே பாடினார். ஓரிரு நொடித் துண்டிப்பு ஒரு பாடகரின் தன்னம்பிக்கையை எவ்வளவு தூரம் குலைக்கும் என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன். மனித உடல் பெரும்பாலும் நீரால் ஆனது என்பதால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கணிசமாக உறிஞ்சிக்கொள்ளும் என்பதும் இங்கே சேர்ந்துகொள்கிறது. ஷூரின் ஜிஎல்எக்ஸ்-டி பிளஸ் போன்றவை 5.8 கிகாஹெர்ட்ஸையும் சேர்த்துப் பயன்படுத்தி இந்த நெருக்கடியைக் குறைக்கின்றன. பள்ளி அரங்கு, சிறிய உணவகம், பயிற்சிக் கூடம் ஆகியவற்றுக்கு இவ்வகையை நான் தயங்காமல் ஏற்பேன், ஆனால் கோயில் திருவிழா மேடைக்கு எடுத்துச் செல்ல மாட்டேன்.

யுஎச்எஃப் அனலாக்கையும் யுஎச்எஃப் டிஜிட்டலையும் பிரித்துப் பார்ப்பதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும், ஏனென்றால் ஒன்றின் குறை மற்றொன்றில் அப்படியே நீங்கிவிடுவதில்லை. அனலாக் மைக் குரலை எஃப்எம் முறையில் அனுப்புகிறது. குரலின் மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள இடைவெளி முழுவதையும் அந்த அலை தாங்காது என்பதால், அனுப்பும் முன் அந்த இடைவெளியைப் பாதியாகச் சுருக்கி, ரிசீவரில் மீண்டும் விரிக்கிறார்கள். பல்லவியில் முழுக்குரல் கொடுத்துவிட்டு, வரியின் முடிவில் மூச்சாகக் கரையும் பாடகரிடம் இந்தச் சுருக்கலும் விரித்தலும் காதில் விழும். குரல் ஓயும்போது அதன் பின்னால் இரைச்சலும் மெல்ல எழுந்து அடங்குவது போல் தோன்றும். வயரில் கேட்ட அதே எஸ்எம்58 தலை, அனலாக் கார்ட்லெஸ்ஸில் சற்றே வேறாக ஒலிப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். குரலை எண்களாக மாற்றி அனுப்பும் டிஜிட்டலில் இந்தச் சுருக்கல் தேவைப்படுவதில்லை. மென்குரலில் பாடும் மெலடிப் பாடகர்கள் டிஜிட்டலுக்கு மாறிய நாளிலேயே வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறார்கள், நாட்டுப்புறப் பாடல்களைத் தொண்டை திறந்து பாடுபவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

அனலாக்கின் பலம் அது தோற்கும் விதத்தில் இருக்கிறது. சிக்னல் குறையும்போது முதலில் லேசான இரைச்சல் வரும், பிறகு கரகரப்பு, அதன்பின்தான் துண்டிப்பு. மிக்ஸரில் இருப்பவருக்கு அது முன்னெச்சரிக்கை. டிஜிட்டலில் கடைசி நொடிவரை குரல் பளிங்குபோல் இருக்கும், எல்லை தாண்டியவுடன் எதுவுமே இருக்காது. ஆகவே டிஜிட்டல் வைத்திருப்பவர் காதை மட்டும் நம்பாமல், ரிசீவரில் உள்ள சிக்னல் விளக்குகளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

குரலை எண்களாக்கி மீண்டும் ஒலியாக்குவதால் வரும் டிஜிட்டலின் தாமதம் பற்றிய அச்சம் சற்று மிகையானது. சென்ஹைசரின் ஈடபிள்யூ-டி வகையில் அது 1.9 மில்லி விநாடி, ஷூரின் எஸ்எல்எக்ஸ்-டி வகையில் மூன்றைச் சற்றே தாண்டும். ஒலி காற்றில் ஒரு மில்லி விநாடிக்கு ஏறத்தாழ 34 செ.மீ. செல்கிறது. பாடகர் தன் குரலைக் கேட்பதற்காகக் காலடியில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்றரை மீட்டர் தள்ளி இருந்தாலே நான்கு மில்லி விநாடிக்கு மேல் தாமதம் இயல்பாக வந்துவிடுகிறது, அதைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. காதுக்குள் பொருத்தும் மானிட்டரைப் பயன்படுத்துபவர் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அவர் தன் குரலை எலும்பின் வழியே உடனடியாகவும், டிஜிட்டல் மைக், டிஜிட்டல் மிக்ஸர் ஆகியவற்றின் தாமதங்கள் சேர்ந்த பிறகு காதுக் கருவியின் வழியாகவும் கேட்கிறார். இரண்டும் கலக்கும்போது குரல் உள்ளீடற்ற குழலுக்குள் ஒலிப்பது போல் அவருக்கு மட்டும் கேட்கக்கூடும்.

இவற்றையெல்லாம் விட முக்கியமான வேறுபாடு, மைக்குகளின் எண்ணிக்கை கூடும்போதுதான் வெளிப்படுகிறது. இரண்டு அனலாக் மைக்குகளை 650.0, 650.4 மெகாஹெர்ட்ஸில் வைத்தால், அவை ஒன்றோடொன்று கலந்து 649.6, 650.8 ஆகிய இடங்களில் போலி அலைகளை உருவாக்கும். மூன்றாவது மைக்கைச் சமஇடைவெளி என்று எண்ணி 650.8இல் வைப்பவர், முதல் இரண்டின் குப்பைமேல் கொண்டுபோய் வைக்கிறார். 651.3இல் வைத்தால் தப்பிக்கலாம். இரண்டு மைக்குகளுக்கு இவ்வகைப் போலி அலைகள் 2, நான்குக்கு 24, எட்டுக்கு 224. நான்காவது மைக்கைச் சேர்த்தவுடன் எல்லாம் குழம்புவதன் காரணம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அனலாக் செட்டுகளில் தயாரிப்பாளர் மோதாதபடி தேர்ந்து கொடுத்த அலைவரிசைக் குழு, சேனல் எண்களுக்குள்ளேயே நின்றால் ஒரே வகை மைக்குகள் மோதாது, ஆனால் இரண்டு நிறுவனங்களின் செட்டுகளைக் கலந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நல்ல டிஜிட்டல் செட்டுகளில் போலி அலைகள் மிக மெலிந்தவை. ஈடபிள்யூ-டி மைக்குகளை 600 கிலோஹெர்ட்ஸ் சமஇடைவெளியிலேயே வரிசையாக வைக்கலாம். ஆகவே என் முடிவு எளிது: இரண்டு மைக் மட்டும் என்றால் ஷூர் பிஎல்எக்ஸ் போன்ற அனலாக் செட்டே போதும், இரண்டு ஏஏ பேட்டரிகளில் 14 மணி நேரம் வரை ஓடும் என்பது அதன் கூடுதல் நன்மை. நான்கும் அதற்கு மேலும் என்றால் டிஜிட்டலுக்குக் கொடுக்கும் அதிகப் பணம் வீண் அல்ல.

பழைய செட்டை வாங்குபவர்கள் அலைவரிசையைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை இப்போது செல்போன்களுக்குரியது. இந்தியாவில் 2022 ஏலத்தில் ரிலையன்ஸ் ஜியோ அதைப் பெற்று 5ஜி சேவைக்குப் பயன்படுத்துகிறது, அமெரிக்காவிலோ 2010 ஜூன் மாதத்திலேயே அதில் மைக்குகளுக்குத் தடை வந்துவிட்டது. வெளிநாட்டு உறவினர் அன்போடு அனுப்பிய செட், பெட்டியின் மேல் 740 என்றோ 780 என்றோ எண்ணைக் காட்டினால், அது அங்கே பயன்படாமல் ஒதுக்கப்பட்டதாக இருக்கலாம். 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையை 2022 ஏலத்தில் யாரும் கேட்கவில்லை, ஆனால் அந்த நிலை என்றும் நீடிக்கும் என்று எண்ணி முதலீடு செய்ய வேண்டாம். புதிதாக வாங்குபவர் 600க்குக் கீழுள்ள மாதிரியைக் கேட்பது நல்லது.

கையில் பிடிப்பதா, ஹெட்செட்டா என்ற கேள்விக்கு, பாட்டு என்றால் கையில் பிடிப்பதே என்பேன். உச்சத்தில் மைக்கை விலக்கி, தாழ்ந்த இடத்தில் நெருக்கிக் கொண்டுவரும் பயிற்சி பாடகரின் கலையில் ஒரு பகுதி, ஹெட்செட் அதை அவரிடமிருந்து பறித்துவிடுகிறது. ஆடிக்கொண்டே பாடுபவருக்கும் வாத்தியம் வாசித்துக்கொண்டே பாடுபவருக்கும் மட்டும் அது தேவை. ஆனால் கையில் பிடிப்பதிலும் முறை உண்டு. தலையிலுள்ள வலையைக் கையால் மூடினால், பின்புற ஒலியை விலக்கும் தன்மையை மைக் இழந்து உடனே கூவத் தொடங்கும். அடிப்பகுதியைப் பொத்திப் பிடித்தால், பல மைக்குகளில் ஆண்டெனா அங்கேயே இருப்பதால் சிக்னல் குன்றும். நடுவில் பிடிப்பதே சரி.

எதை வாங்கினாலும் ரிசீவரை வைக்கும் இடம் விலையை விடப் பெரிது. ஒரு திருவிழாவில் மாலை ஒத்திகையில் சரியாக இருந்த இரண்டு மைக்குகள், இரவில் எல்இடி திரை எரியத் தொடங்கியதும் மாறி மாறிக் கட்டாயின. ரிசீவர் பெட்டி திரைக்குப் பின்னால் இருந்தது. அதை மேடையின் முன்பக்க ஓரத்துக்கு, பாடகர்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு, தலைக்கு மேல் உயரத்தில் மாற்றிய பிறகு ஒருமுறைகூடக் கட்டாகவில்லை. அதுமுதல், திரையும் விளக்குகளும் ஜெனரேட்டரும் இயங்கும்போது மட்டுமே அலைவரிசையைத் தேடி நிர்ணயிக்கிறேன். ஆண்டெனாவை நீட்டிக்க மெல்லிய ஆர்ஜி-58 கேபிளைப் போடுபவர்கள், 10 மீட்டரிலேயே சிக்னலில் ஏறத்தாழ பாதி போய்விடும் என்பதை அறிய வேண்டும். ரிசீவரையே மேடையருகில் வைத்து, அங்கிருந்து மிக்ஸருக்குச் சாதாரண மைக் கேபிளை இழுப்பதே நல்லது.

பேட்டரியில் சிக்கனம் பார்க்க விரும்புபவர் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரிகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் அவை 1.2 வோல்ட் என்பதால், 1.5 வோல்ட் ஆல்கலைனுக்கு அமைக்கப்பட்ட அளவுகாட்டி பொய் சொல்லும். வெகுநேரம் மாறாமல் நின்று, கடைசியில் எச்சரிக்கையின்றி அணையும். அதனால் அளவுகாட்டி எதைக் காட்டினாலும் இடைவேளையில் மாற்றிவிடுகிறேன். கூடவே, முன்னணிப் பாடகர் நிற்கும் இடத்தருகே ஸ்டாண்டில் ஒரு வயர் மைக்கை, மிக்ஸரில் சேனல் ஒதுக்கி, ஒலியளவு சரிபார்த்து, எப்போதும் வைத்திருக்கிறேன். கார்ட்லெஸ் கட்டானால் எந்தப் பக்கம் கை நீட்ட வேண்டும் என்பதை ஒத்திகையின்போதே பாடகரிடம் காட்டிவிடுகிறேன்.