பழைய மடிக்கணினியில் யூஎஸ்பி டிஎம்எக்ஸ் வடம்: ஆறு மாதப் பாவனைக்குப் பின்

மேடை விளக்குகளைக் கணினியால் இயக்குவதற்கான யூஎஸ்பி டிஎம்எக்ஸ் வடம் ஒன்றைச் சென்ற தை மாதம் வாங்கினேன். ஒரு முனையில் வழமையான யூஎஸ்பி செருகியும், மறுமுனையில் மைக் வயரில் இருப்பதைப் போன்ற மூன்று ஊசி எக்ஸ்எல்ஆர் முனையும், இடையில் பெருவிரல் அளவிலான கறுப்புக் கூடும் கொண்ட அந்தப் பொருளில் தயாரித்தவரின் பெயர் எங்குமே இல்லை. விலை, நாங்கள் பாவிக்கும் எல்ஈடி பார் விளக்கு ஒன்றின் விலையில் பாதிகூட வராது. கொழும்பில் இருந்து கூரியரில் கிளிநொச்சிக்கு வந்தது. விற்றவர் தமது விளம்பரத்தில், செருகினால் போதும், எந்தக் கணினியும் அடையாளம் கண்டுகொள்ளும் என்று எழுதியிருந்தார். செருகினேன், என்னுடைய கணினி கண்டுகொள்ளவில்லை.

கணினியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அது 2010ஆம் ஆண்டு வாங்கியது. 2 ஜிபி நினைவகமும் 64 பிட் விண்டோஸ் 7உம் கொண்டது. பற்றரி 20 நிமிடம் தாங்கினால் பெரிய காரியம். புதிய கணினி வீட்டில் இருக்கிறதுதான். ஆனால் வன்னியில் ஒரு கோயில் திருவிழாவுக்கோ வாசிகசாலை ஆண்டு விழாவுக்கோ ஒலி ஒளி போடப் போகிறவர்களுக்குத் தெரியும்: செம்புழுதி ஒரு பக்கம், விடியப்புறப் பனி மறுபக்கம், மேசைக்குக் கீழே ஓடித் திரியும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். புதிய கணினியை அங்கே கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இந்த மதிப்புரை, பழைய கணினியோடு இந்த வடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றியது மட்டுமே.

டிஎம்எக்ஸ்512 என்பது மேடை விளக்குகளுக்குக் கட்டளை அனுப்புவதற்காக 1986இல் அமெரிக்க நாடகத் தொழினுட்ப நிறுவனம் வகுத்த முறை. ஒரு வடத்தில் 512 சனல்கள், அதாவது விளக்கின் சிவப்பு, பச்சை போன்ற ஒவ்வோர் அம்சத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வழிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பு. எங்களிடம் உள்ள எட்டு விளக்குகளும் ஏழு சனல் முறையில் இயங்குவதால் 56 சனல்களே போதும். அந்த வகையில் இந்த வடம் எங்கள் தேவைக்கு மிகையானது.

சிக்கல் தொடங்கியது டிரைவரில், அதாவது செருகிய கருவியோடு பேச விண்டோஸுக்கு உதவும் மென்பொருளில். வடத்தைச் செருகியதும், கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு ஒரு பெயர் தோன்றியது. திறந்து பார்த்தால் கோட் 28, அதாவது டிரைவர் நிறுவப்படவில்லை. பெட்டியோடு வந்த சிறிய சீடியைப் போட்டுப் பார்ப்போம் என்றால், எங்கள் கணினியின் சீடி டிரைவ் இறந்து ஐந்து வருடமாகிறது. டிவைஸ் மனேஜரிலேயே வன்பொருள் அடையாள எண்ணைப் பார்த்தபோது 0403, 6001 என்று இருந்தது. அது எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி232ஆர் சிப்பைக் குறிப்பது. இந்த எண் மிக முக்கியமானது, ஏனெனில் பெயரில்லாத பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை அது ஒன்றுதான் நமக்குச் சொல்கிறது. இந்தச் சிப்புக்குப் போலிகளும் ஏராளம். 2014இல் வெளிவந்த டிரைவர் ஒன்று போலிகளின் இரண்டாவது எண்ணை 0000 ஆக மாற்றிவிட்டது. ஆகையால் 0000 என்று காட்டினால் வடத்தின் மீது சந்தேகம் கொள்ளலாம். என்னுடையது அப்படி இல்லை.

சிப்புத் தயாரிப்பாளரின் தளத்தில் இருந்து டிரைவரைத் தரவிறக்கி நிறுவியபோது கோட் 28 போய்க் கோட் 52 வந்தது: டிரைவர் உண்மையானது என்பதைக் காட்டும் மின்கையொப்பத்தை விண்டோஸால் சரிபார்க்க முடியவில்லையாம். வடம் பழுதோ என்று ஐயம் எழுந்ததால், ஒரு பென்டிரைவில் இருந்து லினக்ஸைத் தொடக்கிப் பார்த்தேன். லினக்ஸின் கருவிலேயே இந்தச் சிப்புக்கான டிரைவர் இருப்பதால், எதையும் நிறுவாமலே வடம் உடனே தென்பட்டது. ஆகவே பொருளில் பிழையில்லை, பிழை விண்டோஸ் 7இல்தான் என்பது உறுதியாயிற்று. இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம்கூடச் செல்லவில்லை. பொருளைத் திருப்பி அனுப்பிச் சண்டை பிடிக்கும் முன் எவரும் இதைச் செய்து பார்க்கலாம்.

அடுத்து நான் செய்தது ஒரு சோம்பேறித்தனம். கணினி தொடங்கும்போது எஃப்8 விசையை அழுத்தினால் வரும் பட்டியலில், கையொப்பச் சோதனையை நிறுத்தும் தெரிவு ஒன்று உண்டு. அதைத் தெரிந்ததும் வடம் வேலை செய்தது. நானும் அத்தோடு விட்டுவிட்டேன். ஆனால் அந்தத் தெரிவு கணினியை அடுத்த முறை தொடக்கும்வரை மட்டுமே செல்லும்.

மாசி மாதம் ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் விடிய விடியக் காத்தவராயன் கூத்து. நள்ளிரவுக்குப் பிறகு மின்பிறப்பாக்கிக்கு டீசல் ஊற்றுவதற்காக நிறுத்தினார்கள். வாளி வந்து சேரச் சுணங்கியதில் பற்றரி தாங்காமல் கணினி அணைந்தது. மின்சாரம் வந்து, கணினியும் எழும்பி, வடம் மட்டும் கோட் 52க்குத் திரும்பிப் போயிருந்தது. இருட்டில் விசைப்பலகையில் எஃப்8 எது, எஃப்9 எது என்று கைத்தொலைபேசி வெளிச்சத்தில் தேடிக்கொண்டு நின்ற என்னருகே, கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் வந்தார். "தம்பி, நாங்கள் பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில ஆடின ஆக்கள். நீர் ஆறுதலாய் உம்முடைய பெட்டியைப் பாரும்," என்று சொல்லிவிட்டு, இரண்டு ரியூப் லைற் வெளிச்சத்தில் ஆட்டத்தைத் தொடக்கினார். சனம் ஒன்றும் குறைப்படவில்லை என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

முறையான தீர்வு அடுத்த நாளே கிடைத்தது. இப்போதைய டிரைவர்கள் எஸ்எச்ஏ-2 முறையில் கையொப்பமிடப்படுகின்றன. நெடுநாள் இற்றைப்படுத்தாத விண்டோஸ் 7க்கு அந்தக் கையொப்பம் விளங்காது. சேர்விஸ் பக் 1 இருக்கும் கணினியில், 2019இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட கேபி 4490628 என்னும் இற்றைப்படுத்தலை முதலிலும் கேபி 4474419ஐ அதன் பின்னும் நிறுவினால் போதும். நிறுவி மீளத் தொடக்கியதும் மஞ்சள் குறி மறைந்தது. அதன் பிறகு ஒருநாளும் திரும்பவில்லை. விற்றவர் இந்த இரண்டு எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருந்தால் எனக்கு ஓர் இரவு மிஞ்சியிருக்கும்.

விண்டோஸ் கண்டுகொண்டாலும் விளக்கு மென்பொருள் கண்டுகொள்ள வேண்டும் என்பது தனிக்கதை. நான் பாவிப்பது இலவசமாகக் கிடைக்கும் கியூஎல்சி பிளஸ். அது இந்த வடத்தைத் தானாகவே கண்டது, ஆனால் புரோ வகை என்று பிழையாக எண்ணிக்கொண்டது. வடத்தின் பெயர் திரையில் தெரிகிறது, சனல்களை உயர்த்தினால் எண்களும் மாறுகின்றன, விளக்கு மட்டும் அசையாமல் இருக்கிறது. இந்த நிலையில்தான் பலரும் வடத்தைக் குப்பையில் எறிகிறார்கள் என்று நினைக்கிறேன். டிஎம்எக்ஸ் யூஎஸ்பி அமைப்புக்குள் போய் வகையை ஓப்பன் டிஎக்ஸ் என்று மாற்றியதும் எட்டு விளக்குகளும் ஒன்றாகச் சிவந்தன.

இந்தப் பொருளின் உண்மையான குறை அந்த இரண்டு வகைகளுக்கும் இடையிலான வேறுபாட்டில்தான் இருக்கிறது. புரோ வகைக் கருவிகளுக்குள் சொந்தமாக ஒரு நுண்செயலி இருக்கும். கணினி தாமதித்தாலும் அது கடைசி மதிப்புகளை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். இந்த மலிவு வடத்துக்குள் அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு சுற்றின் தொடக்க இடைவெளியையும் கணினியே மைக்ரோ விநாடிக் கணக்கில் அமைத்து அனுப்ப வேண்டும். ஒரு சனலுக்கு 44 மைக்ரோ விநாடி என்ற கணக்கில் 512 சனல்களும் ஒரு முறை போய் முடிய ஏறத்தாழ 23 மில்லி விநாடி செல்கிறது. அந்த ஓட்டத்தின் நடுவே பழைய கணினிக்கு வேறு வேலை வந்தால் விளக்குகள் கண் சிமிட்டும். கழுமரம் ஏறும் காட்சிக்கு நான் மெல்ல மெல்லக் கூட்டிய சிவப்பு, வைரஸ் சோதனை தானாகத் தொடங்கிய கணத்தில் துடித்த துடிப்பை இன்னும் மறக்கவில்லை. வைரஸ் மென்பொருளை நிறுத்தி, வைஃபையை அணைத்து, பவர் பிளானை ஹை பெர்ஃபோமன்ஸுக்கு மாற்றி, மென்பொருளில் அனுப்பும் வேகத்தையும் குறைத்த பிறகு சிமிட்டல் பெருமளவு அடங்கியது. முற்றாகப் போகவில்லை, சடுதியாக நிறம் மாறும் காட்சிகளில் தெரியாது, மெதுவாக மங்கும் காட்சிகளில் கூர்ந்து பார்ப்பவருக்குத் தெரியும்.

இன்னொரு குறையும் உண்டு. கணினிப் பக்கத்தையும் விளக்குப் பக்கத்தையும் மின்னால் பிரிக்கும் காப்பு இதில் இல்லை. எர்த் சரியில்லாத மின்பிறப்பாக்கியில் ஓடிக்கொண்டிருந்தபோது, எக்ஸ்எல்ஆர் முனையைத் தொட்ட விரல் சுரீரென்றது. அதே கசிவு வடத்தின் வழியாக யூஎஸ்பி துளைக்குள் போனால் கணினியின் கதி என்ன என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். இப்போது நிலத்தில் எர்த் கம்பி அடித்து அந்த இடத்தை ஈரமாக்காமல் நான் எதையும் செருகுவதில்லை.

நீளத்தைப் பொறுத்தவரை, யூஎஸ்பி பக்கத்தை நீட்டாமல் எக்ஸ்எல்ஆர் பக்கத்தை நீட்டுவதே சரி: யூஎஸ்பி 5 மீற்றரைத் தாண்டக் கூடாது, டிஎம்எக்ஸ் வடமோ மைதானத்தின் மறுகரை வரை போகும். கையில் கிடைத்த மைக் வயரையே நானும் பாவித்தேன். எட்டு விளக்குகளுக்கு அது சமாளித்தது. ஆனால் கடைசி விளக்கில் இரண்டாம், மூன்றாம் ஊசிகளுக்கு இடையே 120 ஓம் தடை ஒன்றைப் பற்றாசு வைத்துச் செருகும்வரை தூர நின்ற இரண்டு விளக்குகளும் தம் எண்ணத்துக்கு நிறம் மாறிக்கொண்டிருந்தன. அந்தத் தடையின் விலை ஒரு பிளேன்ரீக்கும் குறைவு.

ஐந்துக்கு மூன்று புள்ளி கொடுப்பேன். பாடசாலைக் கலைவிழா, ஆண்டு விழா போன்ற இரண்டு மூன்று மணிநேர நிகழ்ச்சிகளுக்கு இந்த விலையில் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. விடிய விடியப் போகும் கூத்துக்கு மட்டும் நுண்செயலி உள்ள கருவி ஒன்றை இரவல் வாங்கிக் கொண்டுபோகிறேன். இந்த வடத்தை மாற்றுக்காகப் பெட்டியின் அடியில் வைத்துக்கொள்கிறேன். கணினியின் மூடியில் அந்த இரண்டு கேபி எண்களையும் ஓப்பன் டிஎக்ஸ் என்பதையும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.