20 வயசு மாருதி ஜென், 4 வருஷம், 38,000 கிலோமீட்டர்

சென்னைல வேளச்சேரில இருந்து சிறுசேரிக்கு போக வர 45 கிலோமீட்டர், வாரத்துல நாலு நாள். பைக்ல ஓஎம்ஆர் தூசி தின்னு இடுப்பு போனதுதான் மிச்சம், புது காருக்கு ஏழு வருஷம் இஎம்ஐ கட்டவும் மனசு வரல. 2021 அக்டோபர்ல 2005 மாடல் ஜென் ஒன்னு 72,000 ரூபாய்க்கு எடுத்தேன். செகண்ட் ஓனர், சில்வர் கலர், மீட்டர்ல 71,000 கிலோமீட்டர். அந்த மீட்டரை நான் நம்பல, கிளட்ச் பெடல் ரப்பர் வழவழன்னு தேஞ்சு கிடந்துச்சு, 71,000 ஓடின வண்டில அப்படி தேயாது.

பேப்பர்ல ஒரு சிக்கல். முதல் ஓனர் லோனை கட்டி முடிச்சும் ஆர்சில பேங்க் பேரை எடுக்கவே இல்ல. லோன் முடிஞ்சுதுன்னு பேங்க் குடுக்கற என்ஓசி, லோன் பேரை எடுக்கற ஃபார்ம் 35 எல்லாம் வாங்கி பேரு மாத்த மூணு மாசம் போச்சு. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல வண்டி நம்பர் போட்டு பாத்திருக்கலாம், எனக்கு அவசரம்.

எடுத்து ரெண்டாவது மாசம், சோழிங்கநல்லூர் சிக்னல், ஏசி ஓடுது, டெம்பரேச்சர் முள்ளு சரசரன்னு மேல ஏறுது. ஓரங்கட்டி ஆஃப் பண்ணிட்டேன், ஆனா அதுக்குள்ள ஹெட் கேஸ்கெட் (என்ஜினோட மேல் பாகமான ஹெட்டுக்கும் கீழ் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற சீல்) போயிருச்சு. இந்த 993 சிசி என்ஜின் முழுக்க அலுமினியம், எடை கம்மி, அதான் அப்படி சிட்டா பறக்கும், ஆனா சூட்டை தாங்காது, ஹெட் வளைஞ்சுரும். கழட்டி பாத்தா உள்ள கூலன்டே இல்ல, போர் தண்ணி. டீ டிகாஷன் மாதிரி வந்துச்சு. சூட்டுக்கு தக்க கூலன்ட்டை திறந்து மூடற வால்வு, தெர்மோஸ்டாட், அதையும் எவனோ புடுங்கி எறிஞ்சிருக்கான். "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு"ன்னு கழட்டறது இங்க ஒரு பழக்கம். அது இல்லன்னா என்ஜின் சரியான சூட்டுக்கு வர லேட்டாகும், இன்னும் குளிருதுன்னு நெனச்சு ஈசிஎம் (என்ஜின் கம்ப்யூட்டர்) பெட்ரோலை கூட ஊத்திக்கிட்டே இருக்கும். முதல் ரெண்டு மாசம் மைலேஜ் 11 குடுத்ததுக்கு காரணம் அதுதான்! வளைஞ்ச ஹெட்டை லேத்துல குடுத்து சமமா சீவி, கேஸ்கெட், புது ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், நல்ல கூலன்ட், எல்லாம் சேத்து 19,000.

அப்போ மெக்கானிக் அண்ணன் சொன்னது, "தம்பி, இரும்பு நல்லாத்தான் இருக்கு, ரப்பர்தான் செத்துப்போச்சு". நாலு வருஷமா அதைத்தான் பாத்துட்டு இருக்கேன். டைமிங் பெல்ட் எப்ப மாத்தினதுன்னு யாருக்கும் தெரியல, வாட்டர் பம்ப்போட சேத்து மாத்திட்டோம். என்ஜின் மவுன்ட் உக்காந்து போய் சிக்னல்ல நின்னா ஸ்டியரிங் நடுங்கும். சஸ்பென்ஷன்ல லோயர் ஆர்ம் புஷ் (ரப்பர் வளையம்), டிரைவ் ஷாஃப்ட்டை மூடற ரப்பர் பூட், பிரேக் ஹோஸ், எல்லாம் வெடிப்பு. முன் கண்ணாடியை சுத்தி இருக்கற ரப்பர் பீடிங் வழியா மழைத்தண்ணி இறங்கி கார்பெட்டுக்கு அடில தேங்கி, டிரைவர் கால் வெக்கற இடத்துல ரோடு தெரிஞ்சுது. டிங்கரிங், தகடு வெல்டிங், பெயின்ட் மட்டும் 18,000. பட்டி வெச்சு மூடறேன்னு ஒருத்தர் 6,000-க்கு வந்தாரு, வேணாம்னுட்டேன். பட்டிக்கு அடில துரு பாட்டுக்கு தின்னுக்கிட்டே இருக்கும்.

பார்ட்ஸுக்கு ரெண்டு இடம். கதவு கைப்பிடி, கண்ணாடி ஏத்தற மெஷின், ஹெட்லைட் மாதிரி ஐட்டம் புதுப்பேட்டைல. பழசை கழட்டி கையில எடுத்துட்டு போங்க, சொல்ற விலைல பாதில ஆரம்பிங்க. ரப்பர், பேரிங், பிரேக் சமாச்சாரம் எல்லாம் ஜிபி ரோட்டுல புதுசுதான், அதுல மிச்சம் புடிக்காதீங்க.

மொத்தம் கணக்கு போட்டா டயர், ஏசி வேலையும் சேத்து ரிப்பேருக்கு வாங்கின காசை விட அதிகமாவே போயிருக்கு, அதுல முக்கால்வாசி முதல் வருஷம். அதுக்கப்புறம் ஆயில், ஃபில்டர், பேட்டரி, அவ்ளோதான். 1000 சிசிக்கு கீழ இருக்கறதால தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் 2025-ல 2,094, வரி தனி. எஃப்சி (வண்டி ஓட தகுதியா இருக்குன்னு ஆர்டிஓ குடுக்கறது) 2025 ஜூன்ல முடிஞ்சுது, 5,000 கட்டி இன்னும் அஞ்சு வருஷத்துக்கு ரினீவல் பண்ணிட்டேன். ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டின காருக்கு அதையே 10,000 ஆக்கிட்டாங்க, ஜஸ்ட்ல தப்பிச்சேன். டெல்லியா இருந்தா பெட்ரோல் வண்டிக்கு 15 வருஷம்தான்னு ரூல் போட்டிருந்தாங்க, 2020-லயே ஸ்கிராப் ஆகியிருக்கும்.

மைலேஜ் ஏசியோட 15 வந்துச்சு, பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் ஆனதுக்கப்புறம் 14. பழைய ஃபியூயல் ஹோஸ் அதுக்கு தாங்காதுன்னு மொத்தமா மாத்திட்டேன், இதுவும் ரப்பர்தான் பாருங்க.

ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. குடும்பத்தோட ஊருக்கு போக இதை எடுக்கறதே இல்ல, ரயில்தான். தனியா போனாலும் 80-க்கு மேல மிதிக்க மாட்டேன். தினம் போக வர கார் வேணும், சந்து பொந்துல பார்க் பண்ணணும்னா இது போதும், ஒரே காரா வெச்சுக்கணும்னா நான் சொல்ல மாட்டேன்.

2024 அக்டோபர் மழைக்கு எல்லாரும் வேளச்சேரி பாலத்து மேல காரை ஏத்தினப்போ நானும் ஏத்தினேன். முன்னாடி பின்னாடி எல்லாம் புதுப்புது எஸ்யூவி, நடுவுல இது. "இதுக்குமா?"ன்னு வீட்டம்மா சிரிச்சாங்க. தகடு வெல்டிங் பண்ண காசு எனக்குல்ல தெரியும்.

போன வாரத்துல இருந்து ரிவர்ஸ் எடுக்கறப்போ பின்னாடி டக்குனு ஒரு சத்தம். புஷ்ஷாத்தான் இருக்கும், சனிக்கிழமை ஜிபி ரோடு போகணும்.