பழைய கெப் (பிக்கப்) வச்சிருக்கிற திருகோணமலை ஆக்களுக்கு: சைலென்சர் வேலைக்கு நான் போன கொட்டில்

என்னட்ட இருக்கிறது 94 ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் டபள் கெப், எல்என்106 மொடல், 3எல் எண்ட டீசல் எஞ்சின். அப்பா வாங்கினது. நிலாவெளிப் பக்கத்தால விடிய மீன் ஏத்தி டவுனுக்கு வாற தொழில், பின்னுக்கு றெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி, பெட்டிக்குள்ள ஐஸ், ஐஸ் கரைஞ்சு உப்புத் தண்ணி முழுக்க வண்டிக்குக் கீழதான் ஊத்தும். கடல் காத்து வேற. அதோட டவுனுக்குள்ள பெட்டி இறக்க அஞ்சு நிமிசத்துக்கொருக்கா ஸ்டார்ட் பண்ணி நிப்பாட்டுறதால சைலென்சருக்குள்ள தண்ணி தேங்கி உள்ளுக்காலயும் அரிக்கும். வெளியாலயும் கறள் உள்ளுக்காலயும் கறள். புது வண்டி எடுக்கலாமே எண்டு கேக்கிறவங்களுக்கு, 2020 மார்ச்சில இலங்கையில வாகன இறக்குமதிய நிப்பாட்டி 2025ல தான் திரும்ப விட்டாங்கள், விட்டும் வரியோட சேத்து விலையைக் கேட்டா தலை சுத்தும். அதால இதையே ஓட்டுறம்.

விசயத்துக்கு வாறன். ரெண்டு மாசத்துக்கு முதல் விடிய ஸ்டார்ட் பண்ணேக்க சீட்டுக்குக் கீழ டிக் டிக் எண்டு ஒரு சத்தம், சூடாகினா குறையும். பிறகு டிராக்டர் மாதிரி கத்தத் தொடங்கிற்று, கண்ணாடியப் பூட்டினா கெபினுக்குள்ள புகை மணம், மகன் தலையிடிக்குது எண்டான். குனிஞ்சு பாத்தா முன் பைப்பும் சைலென்சரும் சேர்ற இடத்தில பிளேன்ஞ் (ரெண்டு பைப்பையும் போல்ட் போட்டுச் சேக்கிற தட்டு) முழுக்க கறுப்புப் புகைக்கரி, ஒரு போல்ட்டுக்கு தலையே இல்ல, கறள் திண்டு போச்சு.

முதல் போன கராஜ் எது எண்டு சொல்லமாட்டன். பேஸ்ட் பூசி பண்டேஜ் மாதிரி ஒண்ட சுத்தி 3,000 ரூபா எடுத்தாங்கள், ஒம்பதாம் நாள் அது கழண்டு றோட்டில. திரும்பப் போனா முழு பைப்பும் மாத்தோணும், இல்லாட்டி தண்ணி பைப் வெட்டி ஒட்டித் தாறன் எண்டு ஒரு கதை. கொழும்பில பழைய வாகனச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைக்கு போன் அடிச்சு விசாரிச்சன், பழைய முன் பைப் ஒண்டுக்கு 28,000 சொன்னாங்கள், பஸ்ஸில போட்டு விடுற காசு வேற.

அப்பத்தான் மச்சான் ஒராள் இந்த இடத்தச் சொன்னான். அநுராதபுரச் சந்தியில இருந்து கொஞ்சம் உள்ளுக்கு, தகரக் கொட்டில், போர்ட் கூட இல்ல, வாசல்ல பழைய சைலென்சர் அடுக்கிக் கிடக்கும். அறுபது வயசிருக்கும் அந்த மனுசனுக்கு. போன உடன ஸ்பேனர் எடுக்கல்ல, ஸ்குரூட்ரைவர் பிடியால பைப்ப முன்னுக்கிருந்து பின்னுக்கு தட்டிக்கொண்டே போனார், டங் டங் எண்டு வந்தது, பிளேன்ஞ்சுக்கு ஒரு சாண் முதல்ல சத்தம் மாறி பொத் எண்டு கேட்டிச்சு. "தம்பி, இது வரைக்கும் பைப் நல்ல இரும்பு, இதுக்கங்கால தான் பழுது, முழுசா மாத்தி காசக் கரியாக்காதீங்க" எண்டார். எனக்கு இந்த ஒரு வசனத்துக்கே ஆளைப் பிடிச்சுப் போச்சு.

தண்ணி பைப் கதையச் சொன்னன், சிரிச்சார். அந்தப் பைப்பில இருக்கிற நாகப் (துத்தநாக) பூச்சு எரியேக்க வாற வெள்ளைப் புகைய இழுத்தா இரவைக்கு குளிர் காய்ச்சல் அடிக்கும், தான் ஒருக்கா பட்டது காணும், அந்தப் பைப்ப தொடமாட்டன் எண்டார்.

போல்ட் கழட்டினதத் தான் நான் குந்தியிருந்து பாத்தன். முதல்நாள் பின்னேரம் எண்ணெய் அடிச்சு விட்டிட்டு விடிய வாங்க எண்டார், வந்தன். முதல்ல பற்றரி மைனஸ் வயரைக் கழட்டினார், டீசல் பைப் போற பக்கம் ஈரச் சாக்குப் போட்டார், வாளியில தண்ணி பக்கத்தில. பிறகு கேஸ் டோர்ச்சால நட்ட மட்டும் சிவக்கச் சூடாக்கி, நெருப்ப எடுத்திட்டு, பொக்கட்டில இருந்து ஒரு மெழுகுதிரி! பிறந்தநாள் கேக்கில வைக்கிற மாதிரி ஒல்லியா. அத நட்டும் போல்ட்டும் சேர்ற இடத்தில பிடிச்சார், மெழுகு உருகி புகைஞ்சுகொண்டு புரிக்குள்ள இழுபட்டுப் போச்சு. உடன கழட்டப் போகல்ல, முதல்ல கொஞ்சம் இறுக்கினார், கிறீச் எண்டிச்சு, பிறகு இளக்கினார், திரும்ப இறுக்கி திரும்ப இளக்கி, முப்பது வருசம் கிடந்த நட் கையால சுத்தி வந்தது. நானெண்டா நேர இளக்கி உடைச்சிருப்பன். தலை இல்லாத மற்ற போல்ட்டுக்கு இந்த வித்தையெல்லாம் இல்ல, கிரைண்டர் போட்டு அறுத்து குத்தி விழுத்தினார்.

பழைய பிளேன்ஞ் மெலிஞ்சு பிஸ்கட் மாதிரி. ரெண்டு பக்கமும் வெட்டிப் போட்டு 8 மில்லி பிளேட்டில புதுசு வெட்டி ஓட்டை போட்டு எடுத்தார். ஒட்டுறதுக்கு முதல் ரப்பர் ஹேங்கர் எல்லாத்தையும் மாட்டி பைப்ப தன்ட பாட்டில தொங்க விட்டு, ரெண்டு பிளேன்ஞ்சையும் சேத்து இறுக்கி வச்சுக்கொண்டுதான் பொட்டுப் பொட்டா ஒட்டினார். அப்பிடி இல்லாட்டி சூட்டில பிளேட் கோணிப்போய், இடையில வைக்கிற புது கேஸ்கட்டாலயும் (புகை கசியாம அடைக்கிறது) புகை ஊதும், பைப் இழுபட்டு நிண்டா வேற இடத்தில வெடிக்கும் எண்டார். பிறகு கழட்டி மேசையில வச்சு முழுசா சுத்தி ஒட்டி, முகத்த அரத்தால மட்டம் பாத்து, கேஸ்கட் வச்சு, தலையில 8.8 எண்டு பலத்தின்ட தரம் அடிச்ச புது போல்ட், பித்தளை நட், புரிக்கு கொப்பர் கிரீஸ். பித்தளை ஏன் எண்டா கறள் பிடிச்சு ஒட்டாது, அடுத்த முறை ஸ்பேனரால கழட்டலாம்.

கடைசியா ஸ்டார்ட் பண்ணி வால் பைப்ப ஈரத் துணியால பொத்திப் பிடிக்கச் சொல்லிட்டு மூட்டில சோப்புத் தண்ணி தெளிச்சார். ஒரு சோப்புக் குமிழி கூட வரல்ல.

மொத்தம் 9,500. வேலைக்குச் சும்மா சொல்லக்கூடாது, ஆனா குறையும் சொல்லோணும். பத்து மணிக்கு முடியும் எண்டது பின்னேரம் மூண்டரை, இடையில ரெண்டு முறை ப்ளேன்டீ குடிக்கப் போனார், போனா வாறது அவர்ட விருப்பம். போன் எடுக்கவே மாட்டார். பில் இல்ல, காட் இல்ல, காசு மட்டும். ஒட்டின இடத்துக்கு வெப்பம் தாங்குற பெயின்ட் அடிச்சுத் தரல்ல, நான் கேட்டதுக்கு "நீங்களே அடிங்க தம்பி" எண்டார், டவுனில டின் வாங்கி நான்தான் கீழ படுத்துக் கிடந்து அடிச்சன். மீன் வண்டிக்கு ஒரு நாள் நிண்டா நட்டம், அதால போறவங்கள் வேலை இல்லாத நாள் பாத்துப் போங்க. இருக்கிற ஒரு மரத்து நிழல்லயும் அவர்ட மோட்டச்சைக்கிள் தான் நிக்கும்.

500 கிலோமீட்டர் ஓடினதும் வாங்க, நட் ஒருக்கா இறுக்கித் தாறன் எண்டவர். போனன், கொட்டில் பூட்டு, கந்தளாயில கலியாண வீடாம் எண்டு பக்கத்து டயர் கடைப் பெடியன் சொன்னான். வீட்ட வந்து 14 மில்லி ஸ்பேனர நானே போட்டு இறுக்கிப் பாத்தன், நட் கால் சுத்து கூட வரல்ல.