5 லட்சத்துக்குக் கையெழுத்தா, எம்.சி.ஓ.பி. வழக்கா, லோக் அதாலத்தா?

கடலூர்–புதுச்சேரி சாலையில் ஒரு லாரி மோதி வீட்டின் சம்பாத்தியக்காரர் இறந்துவிட்டார். காரியம் முடிவதற்குள்ளேயே குடும்பத்திடம் நஷ்டஈட்டுப் பேச்சு வந்துவிடும். எந்த வழியில் எவ்வளவு கிடைக்கும், எதை எடுத்தால் எது அடைபடும் என்று தெரிந்துகொள்ளாமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. 166-ஆம் பிரிவில், அதாவது மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடும் வழக்கமான எம்.சி.ஓ.பி. மனுவில், எதிர்வண்டி ஓட்டியவரின் கவனக்குறைவைக் காட்டியாக வேண்டும். ஆனால் தொகைக்கு உச்சவரம்பு இல்லை.

இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். இறந்தவர் 35 வயதுக் கொத்தனார், மாத வருமானம் 15,000 என்று வையுங்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பியிருந்தார்கள். சுயதொழில், வயது 40-க்குக் கீழ் என்பதால் எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேரும், 21,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு கழித்தால் 15,750, ஆண்டுக்கு 1,89,000. 31 முதல் 35 வயது வரைக்குமான பெருக்கல் எண் 16. ஆக 30,24,000 ரூபாய். இறுதிச்சடங்குச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை, மனு போட்ட நாளிலிருந்து வட்டி எல்லாம் இதற்கு மேல். இறந்தவர் பக்கமும் 30 சதவீதம் தப்பு என்று தீர்ப்பாயம் சொன்னால்கூட 21 லட்சத்துக்கு மேல் நிற்கும். பெருக்கல் எண்களை உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கிலும், எதிர்கால உயர்வு விகிதங்களை 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்துவிட்டது. இது வக்கீலின் சாமர்த்தியத்தில் வரும் எண் அல்ல, யாரும் போட்டுப் பார்க்கலாம்.

கவனிக்க வேண்டிய இடம் 166(1)-இல் ஒரு வரியாக இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி சமரசமாகத் தொகை தரும் 149-ஆம் பிரிவு நடைமுறைப்படி 164-இன் தொகையை ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும். முதலில் 5 லட்சத்தை வாங்கிக்கொண்டு மீதிக்கு வழக்கு நடத்தலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அதற்காக 164-ஐ ஒதுக்கிவிடவும் முடியாது. இறந்தவருக்கு 70 வயது, மாதம் 6,000 வருமானம், பெருக்கல் எண் 5 என்றால் சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்து 2,40,000-தான் வரும். மற்றத் தலைப்புகளைச் சேர்த்தாலும் 5 லட்சத்தை எட்டுவது சிரமம். சாட்சியே இல்லை, எஃப்.ஐ.ஆரும் இறந்தவர் மேலேயே போட்டிருக்கிறது என்றாலும் 164 கைகொடுக்கும்.

166-இல் வழக்கு சறுக்குவது பெரும்பாலும் வருமானத்தில்தான். கொத்தனாருக்குச் சம்பளச் சீட்டு ஏது? கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை, வங்கிப் பாஸ்புக், வேலை கொடுத்த மேஸ்திரியின் சாட்சியம் ஆகியவற்றை முதல் மாதத்திலேயே திரட்டுங்கள். இல்லையென்றால் தீர்ப்பாயம் தானாக ஒரு வருமானத்தை நிர்ணயிக்கும், அது உண்மையைவிடக் குறையலாம். காயமடைந்தவராக இருந்தால் ஏ.ஆர். (மருத்துவமனை விபத்துப் பதிவேடு) நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை பில் என ஒன்றையும் விடாதீர்கள். ஊனச் சான்றில் உள்ள சதவீதம் மட்டும் போதாது. சாரம் ஏறி வேலை செய்பவருக்குக் கணுக்கால் மடங்கவில்லை என்றால் தொழிலே போய்விட்டது. அந்தத் தொழில் இழப்பைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) தனிக் கணக்கு அல்ல, 166-இன் எண்ணை வைத்துப் பேரம் பேசும் இடம். படிந்தால் பணம் சீக்கிரம் வரும். கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பும். படியாவிட்டால் வழக்கு தீர்ப்பாயத்துக்கே திரும்பிவிடும், நஷ்டமில்லை. ஆனால் ஒப்புக்கொண்ட பிறகு அப்பீல் கிடையாது. தப்பு யார் மேல் என்பதில் இழுபறி இருக்கும் வழக்குக்கு இதுதான் நல்ல இடம் என்பது எங்கள் கருத்து. காலில் வைத்த பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருப்பவர் மட்டும் அவசரப்பட்டு முடித்துக்கொள்ளக் கூடாது.

இறந்தவர் வேலையிலிருந்த லாரி ஓட்டுநராக இருந்து, தப்பும் அவர் மேல் என்றால் 166 கைவிடும். அங்கே ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் உதவும். 1923-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. 35 வயது, 15,000 சம்பளம் என்றால் சம்பளத்தில் பாதியான 7,500-ஐ அந்த வயதுக்கான எண்ணான 197.06-ஆல் பெருக்கி 14,77,950 ரூபாய். இரண்டு சட்டங்களும் பொருந்தும் இடத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால் வழி தனி: இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. இதற்குத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டாம், வருவாய்த் துறையிலுள்ள விசாரணை அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும்.

எங்கே வழக்குப் போடுவது என்பதில் நம் பகுதிக்காரர்களுக்கு அடிக்கடி குழப்பம். விபத்து புதுச்சேரிப் பகுதியான கன்னியகோயிலில் நடந்து, எஃப்.ஐ.ஆர். புதுச்சேரி போலீசிடமும் சிகிச்சை ஜிப்மரிலும் இருந்தாலும், கடலூரில் குடியிருப்பவர் கடலூர் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். மேல்முறையீடு எப்படியும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது 166(3). போலீஸ் குற்றப்பத்திரிகை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மனு எழுதும் முன் எதிர்வண்டியின் பாலிசி நகலைப் பாருங்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவர் அந்தப் பைக்கின் இன்சூரன்ஸிடமே கேட்பதானால், வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் அவருக்குப் பாதுகாப்பு இருக்காது. பேக்கேஜ் (காம்ப்ரிஹென்சிவ்) பாலிசி வேண்டும்.