எம்ஜிபி பினியன் சீல்: புள்ளி வைத்து இறுக்குவதா, அளந்து இறுக்குவதா?

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியின் பின் அச்சில், பினியன் (எஞ்சினின் சுழற்சியை அச்சுக்குள் கொண்டுபோகும் பல்சக்கரத் தண்டு) வெளியே வரும் இடத்தில் ஆயில் கசிகிறது என்றால், சீல் வாங்கும் முன் பிரீதரை (அச்சுக்குள் இருக்கும் காற்று வெளியேறும் சிறு துளை) பாருங்கள். அது அடைத்திருந்தால், ஓட்டத்தில் சூடாகும் காற்று வெளியேற வழியில்லாமல் நல்ல சீல் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். அடுத்து, உங்கள் காரில் இருப்பது எந்த அச்சு? ரோட்ஸ்டரில் (திறந்த கூரை மாடல்) 1962 முதல் 1967 வரை பான்ஜோ அச்சு. 1965இல் வந்த ஜிடியில் (மூடிய கூரை மாடல்) ஆரம்பத்திலிருந்தே குழாய் அச்சு. பிறகு ரோட்ஸ்டருக்கும் அதுவே.

சீலை மாற்ற, பினியன் முனையில் இருக்கும் நட்டைக் கழற்றித் திரும்ப இறுக்க வேண்டும். பான்ஜோவில் இதில் குழப்பமே கிடையாது. பினியன் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்காத ஸ்பேசர்தான். மேனுவல் சொல்லும் டார்க்குக்கு (முறுக்கு விசை) நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது.

குழாய் அச்சில் அந்த இடத்தில் இருப்பது நசுங்கும் ஸ்லீவ். நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கித்தான் பேரிங்குக்குப் பிரீலோட் (ஆட்டமில்லாமல் பிடித்து வைக்கும் அழுத்தம்) கிடைக்கிறது. ஒருமுறை அளவு தாண்டினால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. புது ஸ்லீவ் போட வேண்டும். அதற்கு அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியலையே வெளியே எடுக்க வேண்டும். அதற்கு ஹவுசிங்கை விரிக்கும் கருவி வேண்டும். சின்ன சீலுக்காக இத்தனை பாடு!

வீட்டில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் புள்ளி வைப்பார்கள். கழற்றும் முன் நட்டு, பினியன் முனை, ஃபிளேஞ்ச் (நட்டு பிடித்திருக்கும், டிரைவ்ஷாஃப்ட் பூட்டும் தட்டு) மூன்றிலும் பஞ்ச் அடித்து, வெளியே தெரியும் மரையை எண்ணிக்கொண்டு, திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவருவது. செலவில்லை. ஆனால் இதற்கு முன் யாரோ கண்டபடி இறுக்கியிருந்தால் அந்தத் தப்பையே நீங்களும் அச்சுப் பிசகாமல் திரும்பச் செய்வீர்கள்.

அளக்கும் முறையில் பின் சக்கரங்களையும் டிரம்களையும் கழற்றிவிட்டு (பிரேக் உரசினால் கணக்கு பொய்யாகும்), நட்டைத் தொடும் முன்பே பினியனைச் சுற்ற எவ்வளவு விசை வேண்டும் என்று இன்ச்-பவுண்டு டார்க் ரெஞ்சில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் சுற்றிப் பார்த்து அந்த விசைக்குக் கொண்டுவரலாம். என் ஓட்டு இதற்குத்தான். ரெஞ்சை இரவல் வாங்கியாவது செய்யலாம். புள்ளியும் கூடவே இருக்கட்டும், காசா பணமா?

சீல் உதடு உரசி ஃபிளேஞ்சில் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் சீக்கிரமே கசியும். புது ஃபிளேஞ்ச் போடலாம்தான். ஆனால் அதன் கனம் இம்மியளவு மாறினாலும் வைத்த புள்ளி வீண். பழைய ஃபிளேஞ்சின் மேல் மெல்லிய எஃகு ஸ்லீவ் ஏற்றினால் அந்தத் தொல்லை இல்லை. பள்ளம் லேசானது என்றால் சீலை ஒரு மயிரிழை முன்னே தள்ளி வைத்தே சமாளிக்கலாம், உதடு புது இடத்தில் ஓடும்.

ஃபிளேஞ்சைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. எந்த முறையில் இறுக்கினாலும் சீல் நிற்காது.