ஹட்டன் பக்கம் ஒரு கராஜ்: போர்க்கால ஜீப் வைத்திருப்பவர்களுக்கு

என் இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்பி ஜீப்பை இங்கேதான் திருத்திக் கொடுத்தார்கள், வேலை அருமை. பாஸ் அண்ணன் முதலில் குனிந்து பார்த்தது ரேடியேட்டருக்குக் கீழே சேசியின் முன் குறுக்குச் சட்டத்தைத்தான். ஒரே ஜீப்பை வில்லிஸ், ஃபோர்ட் என்று இரண்டு கம்பெனிகள் செய்தன; அந்தச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்த 'ப' வடிவில் இருந்தால் ஃபோர்ட். யாரோ மாட்டியிருந்த ஏழு துளை கிரில் போருக்குப் பிந்திய சிவிலியன் ஜீப்புடையது என்று கழற்றிவிட்டு, ஒன்பது துளை கிரில்லைத் தேடிப் பிடித்துப் போட்டார். ஹெட்லைட்டைத் திருப்பி என்ஜின் மேலேயே வெளிச்சம் அடிக்கலாமே, அந்தக் கீல்கூட இப்போது இறுக்கமாக நிற்கிறது. 12 வோல்ட்டுக்கு மாற்றுங்கள் என்று நச்சரிக்கவில்லை, அசல் 6 வோல்ட்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது அடையாள எழுத்து வேலை. 1944இல் தென்கிழக்காசிய நேசப்படைத் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகம் பேராதனையில் இருந்ததால், அவருடைய படையின் ஃபீனிக்ஸ் பறவைச் சின்னத்தைப் போடச் சொல்லிக் கேட்டேன். ஆதாரம் இல்லாமல் போட மாட்டேன் தம்பி என்று சொல்லி, பழைய பெயின்டை மெதுவாகத் தேய்த்து, அடியில் தெரிந்த எண்களை மட்டும் அதே இடத்தில் எழுதினார். அதுதான் சரி.

குறை என்றால் தாமதம். பாகம் வெளிநாட்டிலிருந்து வரணும், நாமாகப் போன் எடுத்தால்தான் விவரம் சொல்வார்கள். அப்புறம், ஜூன் ஜூலை மழையில் பெயின்ட் வேலைக்குக் கொண்டுபோகாதீர்கள், காயவே காயாது.