'வுதரிங் ஹைட்ஸ்' வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: பாதி நாவலை முழு விலைக்கு விற்கிறார்கள்

வில்லியம் வைலர் 1939-ல் எடுத்த 'வுதரிங் ஹைட்ஸ்' படத்தின் ஸ்டில்லை அட்டையில் போட்டு ஒரு பதிப்பு ஆன்லைனில் விற்பனைக்கு இருக்கிறது. லாரன்ஸ் ஒலிவியரும் மெர்ல் ஓபரானும் இருக்கிற அட்டை. 'முழு நாவல், சுருக்கப்படாதது' என்று விற்பனைப் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள்.

என் அண்ணன் மகள் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். இந்த நாவல் அவளுக்குப் பாடம். பார்சலைப் பிரித்துப் புரட்டியவள், "சித்தப்பா, இதுல இளைய கேத்தரினே இல்லையே" என்றாள். இளைய கேத்தரின் என்பது கதாநாயகி கேத்தரினின் மகள். இந்தப் பதிப்பில் அம்மா கேத்தரின் சாகிறாள், அவளைக் காதலித்த ஹீத்கிளிஃப் கதறுகிறான், அதோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. எமிலி பிராண்டே 1847-ல் வெளியிட்ட நாவலில் 34 அத்தியாயங்கள். கேத்தரின் இறந்துபோவது 16-ல். அதற்குப் பிறகு இந்தப் பதிப்பில் எதுவுமே இல்லை. பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தின் அடியில், கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில், திரைக்கதையை ஒட்டிச் சுருக்கியது என்று ஒரு வரி.

இந்த வெட்டு அந்தப் படத்திலிருந்து வந்தது. படத்தை எனக்குப் பிடிக்கும். கிரெக் டோலண்டுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவை இன்றைக்கும் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் அது நாவலின் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைக் காதல் காவியமாக மாற்றிவிட்டது. படத்தில் ஹீத்கிளிஃப் கேத்தரினை ஜன்னலருகே தூக்கிப் போகிறான். வெளியே தெரிகிற மேட்டுவெளியைப் பார்த்தபடி அவன் கைகளிலேயே உயிர் பிரிகிறது. நாவலில் அவள் நள்ளிரவில் ஒரு குறைமாதப் பெண் குழந்தையைப் பெற்றுவிட்டு, சரியாக நினைவு திரும்பாமலே இரண்டு மணி நேரத்தில் இறக்கிறாள். ஹீத்கிளிஃப் அப்போது வெளியே தோட்டத்து மரத்தடியில் நிற்கிறான். செய்தி கேட்டு அந்த மரத்திலேயே தலையை மோதிக்கொள்கிறான்.

படத்தில் அந்தக் குழந்தை கிடையாது. குழந்தை போனால் மீதிக் கதையும் போச்சு. அந்தக் குழந்தைதான் இளைய கேத்தரின். வளர்ந்த பிறகு ஹீத்கிளிஃப் அவளை வீட்டில் அடைத்துவைத்து, சாகக் கிடக்கிற தன் மகனுக்குக் கட்டாயக் கல்யாணம் செய்துவைப்பது பின்பாதியில்தான் வருகிறது. அவளுடைய அப்பா அந்தப் பக்கம் மரணப் படுக்கையில் இருக்கிறார். தன்னைக் கொடுமைப்படுத்தியவனின் மகன் ஹேர்ட்டனை எழுதப் படிக்கத் தெரியாதவனாகவே வளர்த்துப் பழிதீர்ப்பதும் இந்த ஹீத்கிளிஃப்தான். இதையெல்லாம் மறைத்துவிட்டு அவனைக் காதலில் தோற்றவனாக மட்டும் காட்டினால் அது வேறு ஆள்.

எனக்கு இந்த நாவலில் மிகப் பிடித்த இடமும் அங்கேதான். இளைய கேத்தரின் ஒரு நல்ல புத்தகத்தை வெள்ளைத் தாளில் சுற்றி, ரிப்பன் கட்டி, மேலே 'மிஸ்டர் ஹேர்ட்டன் எர்ன்ஷா' என்று எழுதிக் கொடுத்தனுப்புகிறாள். வாங்கிக்கொண்டால் படிக்கச் சொல்லித் தருவாளாம். அவன் வாசிப்பைக் கேலி செய்த அதே பெண். இரண்டு தலைமுறைப் பகை அந்த இடத்தில்தான் தளர ஆரம்பிக்கிறது. படத்திலோ கடைசியில் இரண்டு ஆவிகள் பனியில் நடந்து போகின்றன. தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் கேட்ட முடிவு அது. வைலர் எடுக்க மறுத்ததால் டூப் போட்டு எடுத்துச் சேர்த்தார்கள்.

சினிமாக்காரர்களுக்கு இரண்டு மணி நேரக் கணக்கு உண்டு, அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. புத்தகம் விற்கிறவருக்கு என்ன வந்தது? பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இதை நம்பி எழுதினால் மதிப்பெண் என்ன ஆகும்? திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு, "புத்தகத்துல டேமேஜ் எதுவும் இல்லையே சார், ரிட்டர்ன் எடுக்க முடியாது" என்று பதில். நான் போட்ட விமர்சனத்தையும் காணோம்.

வாங்குவதற்கு முன் மாதிரிப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். முழு நாவல் 1801 என்ற ஆண்டோடு தொடங்கும், கதை சொல்ல லாக்வுட் வருவார். அத்தியாயங்கள் 34 இருக்க வேண்டும். சில நல்ல பதிப்புகள் முதல் பதிப்பைப் போல இரண்டு பாகமாக 14, 20 என்று எண்ணியிருக்கும், அதுவும் சரிதான். புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் முழு நாவலும் இலவசமாகவே கிடைக்கிறது. அண்ணன் மகள் இப்போது அதில்தான் படிக்கிறாள். படமாகப் பார்த்தே தீர வேண்டுமென்றால் ரேல்ஃப் ஃபைன்ஸ் நடித்த 1992 படத்தைப் பாருங்கள். அம்மா, மகள் இருவராகவும் ஜூலியட் பினோஷ் நடித்திருக்கிறார். அதில் இரண்டாம் தலைமுறை இருக்கிறது.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகளிலேயே இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் கொடுத்துவிட்டேன். நீங்களும் கொடுங்கள்.